சொர்க்கம் எந்த உலகம்? திருவரங்கத்து வடக்கு வாசலை முன்வைத்து

திருவரங்கம் பெரிய கோயிலின் வடக்கு வாசலுக்கு இரண்டு பெயர் வழங்குகின்றன. கோயில் அழைப்பிதழிலும் வைணவப் பெரியவர்களின் பேச்சிலும் அது பரமபதவாசல். நாளிதழ்த் தலைப்பிலும், திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் கூட்டத்தோடு ஏறுகிறவர்கள் பேச்சிலும் அது சொர்க்கவாசல். வைகுண்ட ஏகாதசி விடியலில் திறக்கும் கதவு ஒன்றுதான். ஆனால் வைணவ சித்தாந்தப்படி அந்த இரண்டு பெயர்களும் இரண்டு வேறு உலகங்களைச் சுட்டுகின்றன. சொர்க்கம் இந்திரன் ஆளும் இடம். புண்ணியம் தீர்ந்ததும் கீழே இறங்கியாக வேண்டும். பரமபதமோ போனவர் திரும்பாத இடம். ஆகவே மார்கழி பிறந்தால் உபந்யாச மேடைகளில் ஒரு திருத்தமும் கூடவே வரும்: சொர்க்கவாசல் என்று சொல்லாதீர்கள், அது பிழை என்று. கேட்டுத் தலையாட்டிவிட்டு வெளியே வரும் கூட்டம் மறுபடியும் சொர்க்கவாசல் என்றே சொல்கிறது.

இதைப் பாமரர் அறியாமை என்று ஒதுக்கிவிடலாம். பலரும் அப்படித்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. சொர்க்கம் என்ற சொல் முதலில் எதைக் குறித்தது? தமிழுக்கு எப்போது, எந்த உருவில் வந்தது? மீளும் உலகம், மீளா உலகம் என்ற பிரிவு அந்தச் சொல்லிலேயே உண்டா, பின்னர் அதன்மேல் ஏற்றப்பட்டதா? இவற்றுக்கு வேத உரைகாரர்களும் மீமாம்சகர்களும் ஆழ்வார்களும் ஆசாரியர்களும் தமிழறிஞர்களும் வெவ்வேறு விடை தந்திருக்கிறார்கள். அவற்றை ஒருசேரப் பார்த்தால், திருத்துகிறவர்கள் சித்தாந்தத்தில் வலுவாக நின்றாலும் சொல் வரலாற்றில் அவ்வளவு வலுவாக நிற்கவில்லை என்றே தோன்றுகிறது.

ஒளி, இன்பம், இடம்

வடமொழியில் ஸ்வர்க்கம் என்ற சொல்லின் முதற்பகுதியான ‘ஸ்வர்’ ரிக் வேதத்தில் சூரியனையும் அதன் ஒளியையும் ஒளி நிறைந்த வானத்தையும் குறிக்கிறது. பூர், புவர், சுவர் என்று மூன்றடுக்காக உலகை அழைக்கும்போது மூன்றாவதாக நிற்பதும் அதுவே. ‘க’ என்ற பின்பகுதியைச் செல்லுதல் என்ற வேரோடு சேர்த்து, ஒளிக்கு இட்டுச்செல்வது அல்லது ஒளியில் இருப்பது என்று விளக்குவது மரபு. ஆகவே சொல்லின் அடியில் கிடப்பது வானம். இறந்தவர் போகும் ஊர் என்ற பொருள் அதன்மேல் ஏறியது.

வேள்வி பெருகிய காலத்தில் சொல் இன்னொரு திருப்பம் கண்டது. ஸ்வர்க்கத்தை விரும்புகிறவன் வேள்வி செய்க என்பது வேத விதி. அப்படியானால் ஸ்வர்க்கம் என்பது ஒரு பொருளா, ஓர் இடமா, ஓர் அனுபவமா என்ற கேள்வியை மீமாம்சகர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ஜைமினி சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத் தொடக்கத்தில் சபரர் எழுதிய உரை இவ்விடத்தில் சுவையானது. மெல்லிய பட்டாடையை ஸ்வர்க்கம் என்கிறார்கள், சந்தனத்தை ஸ்வர்க்கம் என்கிறார்கள், இளம்பெண்களை ஸ்வர்க்கம் என்கிறார்கள் என்று உலக வழக்கை அவர் எடுத்துக்காட்டுகிறார். பிறகு, இவற்றுக்கெல்லாம் பொதுவாக இருப்பது இன்பம்தான், ஆகவே சொல்லின் பொருளும் இன்பமே என்று முடிவுகட்டுகிறார். கோடையில் முக்கொம்புத் தண்ணீரில் காலை வைத்துவிட்டு ‘சொர்க்கம்’ என்கிறவர் தெரியாமலே சபரர் கட்சியில் சேர்ந்துவிடுகிறார். மீமாம்சகருக்கு ஸ்வர்க்கம் எங்கே இருக்கிறது என்பது முக்கியமே இல்லை. துன்பம் கலவாத இன்பம் என்பதே அதன் இலக்கணம்.

ஆனால் வேள்விச் சாலைக்கு வெளியே அந்தச் சொல் இடமாகவே இறுகியது. அசோகரின் பாறைக் கட்டளைகளில் அறம் செய்தவர் அடையும் பயனாகப் பிராகிருத வடிவில் அது வருகிறது. பாலியில் ‘ஸக்க’ என்று பௌத்தர்கள் வழங்கினார்கள். சமணரும் பௌத்தரும் அடுக்கடுக்கான தேவருலகங்களை வகுத்தார்கள். எந்த அடுக்கும் நிலையானதல்ல என்பதில் இருவருக்கும் வைதிகர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. செப்பேடுகளின் முடிவில் வழக்கமாகப் பொறிக்கும் வடமொழிச் சுலோகம் ஒன்று, நிலம் கொடுத்தவன் அறுபதாயிரம் ஆண்டு ஸ்வர்க்கத்தில் இருப்பான் என்கிறது. அறுபதாயிரம் என்பது பெரிய எண்தான். ஆனாலும் அது ஓர் எண். தவணை குறித்த சொர்க்கம் என்ற கருத்து தத்துவ நூலோடு நிற்காமல் நிலப் பத்திரம் வரை இறங்கியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உறையூர்க் குரல்கள்

இந்தச் சொல் வந்தபோது தமிழில் இடம் காலியாக இருக்கவில்லை. வான், விண், விசும்பு, உம்பர், மேலுலகு, புத்தேள் நாடு என்று பல பெயர்கள் புழங்கின. அவற்றின் அடியில் கிடந்த நம்பிக்கை ஒரே சீரானதாக இல்லை என்பதைக் காட்டும் இரண்டு பேர் இன்றைய திருச்சிராப்பள்ளிக்குள் அடங்கிவிட்ட உறையூரைச் சேர்ந்தவர்கள் என்பது நல்ல வாய்ப்பு.

ஒருவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். ஆய் அண்டிரனைப் பாடிய புறநானூற்று 241ஆம் பாட்டில், அந்த வள்ளல் இறந்ததும் வச்சிரம் ஏந்தியவனின் கோயிலில் முரசு முழங்குகிறது. அந்த ஆரவாரம் விசும்பில் எழுகிறது. இந்திரனின் அரண்மனை, வரவேற்பு, வானம் என்று வடக்கத்திய ஸ்வர்க்கத்தின் உறுப்புகள் பெரும்பாலும் இங்கே வந்துவிட்டன. அந்தப் பெயர் மட்டும் வரவில்லை. அதே புலவர் 134ஆம் பாட்டில் வேறொன்று சொல்கிறார்: இம்மையில் கொடுத்தால் மறுமையில் கிடைக்கும் என்று கணக்குப்போட்டு அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் ஆய். வேள்விக்குப் பலன் ஸ்வர்க்கம் என்ற வாய்பாட்டைத் தெரிந்துகொண்டே ஒருவர் முகம் சுளிப்பதுபோல் இருக்கிறது இது. சொர்க்கத்தை வாயாரப் பாடவும் வேண்டும், அதற்காகக் கொடுத்தான் என்று சொல்லிவிடவும் கூடாது. முடமோசியார் இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்.

இன்னொருவர் கோப்பெருஞ்சோழன். உறையூரிலிருந்து ஆண்ட இந்த மன்னன், தன் மகன்களோடு ஏற்பட்ட பகையால் வடக்கிருந்து உயிர்விட்டவன். புறம் 214 அவனே பாடியது. நல்வினை செய்வதா வேண்டாமா என்று ஐயப்படுகிறவர்களை நோக்கி அவன் பேசுகிறான். யானை வேட்டைக்குப் போனவனுக்கு யானை கிடைக்கலாம். குறும்பூழ் வேட்டைக்குப் போனவன் வெறுங்கையோடும் திரும்பலாம். ஆகவே பெரிதாக நினையுங்கள் என்கிறான். அதற்குப் பிறகு வருவதுதான் நம் கேள்விக்கு நேரான இடம். வினைப்பயன் உண்டென்றால் ‘தொய்யா உலகத்தில்’ நுகர்ச்சி கிடைக்கலாம். அங்கே நுகர்ச்சி இல்லையென்றால் மறுபடி பிறவாமை கிட்டலாம். அதுவும் இல்லையென்றால் இமயச் சிகரம்போல் புகழை நட்டுவிட்டு இறப்பது நல்லது என்று அடுக்குகிறான். ‘கூடும்’ என்ற சொல்லாலேயே முதல் இரண்டையும் சொல்வதைக் கவனிக்க வேண்டும். உறுதி எதிலும் இல்லை.

இந்த அடுக்கைப் பிற்காலச் சித்தாந்தக் கண்ணாடி வழியாகப் படித்து, நுகர்ச்சி என்பது சொர்க்கம், பிறவாமை என்பது மோட்சம் என்று இரண்டு கட்டத்தில் அடைத்துவிட ஆசை வரும். ஓரளவு அது பொருந்தவும் செய்கிறது: இன்ப உலகம் வேறு, பிறப்பறுதல் வேறு என்ற பிரிவு கிறித்து ஆண்டின் தொடக்க நூற்றாண்டுகளிலேயே உறையூரில் பேசப்பட்டது என்று கொள்ள இடமுண்டு. ஆனால் சோழன் இரண்டையும் மேல்–கீழாக வைக்கவில்லை; ஒன்று கிடைக்காவிட்டால் மற்றொன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறான். பார்க்கப்போனால் நுகர்ச்சியைத்தான் முதலில் வைக்கிறான். பிறவாமையைச் சொர்க்கத்துக்கு மேலே தூக்கி வைக்கும் வேலையைத் திருக்குறள் செய்கிறது. யான், எனது என்னும் செருக்கை அறுத்தவன் தேவர்களுக்கும் மேலான உலகத்தில் புகுவான் என்கிறது 346ஆம் குறள்; பரிமேலழகர் அதை வீட்டுலகம் என்று விளக்குகிறார். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த இடம் ஆற்றிடைக்குறை என்று 219ஆம் பாட்டு சொல்வதை வைத்து அது திருவரங்கத் தீவாக இருக்கலாம் என்று சொல்லிப் பார்ப்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. காவிரியில் தீவுகள் பல என்பதால் அதற்குமேல் போக வழியில்லை.

துறக்கம் எங்கிருந்து வந்தது?

பட்டினப்பாலையிலேயே ‘துறக்கம்’ என்ற சொல் வந்துவிடுகிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் மக்கள் நீராடிக் களிப்பதைப் பெறுவதற்கு அரிய துறக்கத்துக்கு ஒப்பிடுகிறார் உருத்திரங்கண்ணனார். இந்தச் சொல்லின் பிறப்பைப் பற்றி இரண்டு கட்சிகள் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றன. ‘துற’ என்ற வினையடியிலிருந்து பிறந்த தூய தமிழ்ச் சொல் என்பது ஒன்று. ஸ்வர்க்கம் தமிழ் ஒலிக்கு இசைந்து துறக்கம் ஆயிற்று என்பது மற்றொன்று. நிகண்டுகளும் அகராதிகளும் இரண்டு சொற்களையும் ஒரே பொருளில் வைப்பதால் பொருளை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

முதல் கட்சியின் வலிமை எளிமை. உலகைத் துறந்தவர் பெறும் உலகம் துறக்கம். விடுதலால் கிடைப்பது வீடு என்பதுபோல. ஆனால் இரண்டு இடங்களில் அது இடறுகிறது. பிற, மற, இற போன்ற வினைகளிலிருந்து பிறப்பு, மறப்பு, இறப்பு என்றே பெயர்கள் வருகின்றன. துற என்பதிலிருந்தும் துறப்பு, துறவு என்று வருவதே இயல்பு. ‘க்கம்’ என்ற ஈறு பெரும்பாலும் உறங்கு–உறக்கம், மயங்கு–மயக்கம், பழகு–பழக்கம் என்ற வகை வினைகளோடு வருவது. துறங்கு என்று ஒரு வினை இல்லை. அடுத்தது பொருள் இடறல். பட்டினப்பாலை காட்டும் துறக்கம் துறவிகளின் இடமாகவே தெரியவில்லை; கள்ளும் கூத்தும் நீராட்டும் நிறைந்த துறைமுகக் களிப்புக்கு உவமையாக நிற்கிறது. துறவின் பயன் போகம் என்று சொல்லிச் சமாளிக்கலாம். உடலைத் துறந்தபின் போகும் இடம் என்றும் விளக்கலாம். பின்னது கொஞ்சம் ஏற்கத்தக்கது.

இரண்டாம் கட்சிக்கும் பாதை மேடுபள்ளம்தான். மார்க்கம், வர்க்கம், தர்க்கம் என்று வடமொழியின் ‘ர்க’ தமிழில் ‘ர்க்க’ என்றே வந்திருக்கிறது. துறக்கத்தில் மட்டும் வல்லின றகரம் எப்படி வந்தது? வடமொழியின் ஸகரம் சொல் முதலில் சகரமாகவும் நடுவில் தகரமாகவும் மாறும் என்ற நன்னூல் வழக்குக்கும் (மாஸம்–மாதம்) முதலிலேயே தகரம் வருவது ஒவ்வாது. இதற்கு அவர்கள் ஸ்ரீ–திரு என்ற இணையைக் காட்டுவார்கள். அந்த இணையே தகராறில் இருப்பது என்பதால் ஒரு கடனை இன்னொரு கடனால் அடைத்த கதையாகிறது. மார்க்கம் முதலியவை பிற்கால வரவுகள், துறக்கம் மிகப் பழைய வரவு, பழைய வரவுகள் பிராகிருத வழியாக வேறு விதிப்படி மாறியிருக்கலாம் என்ற விடை மட்டும் கவனிக்கத்தக்கது. பொருளையும் காலத்தையும் வைத்துப் பார்த்தால் இரண்டாம் கட்சியின் பக்கம் தராசு சற்றுச் சாய்வதாகப் படுகிறது. ஒலியை வைத்துப் பார்த்தால் சாயவில்லை. இரண்டும் கலந்திருக்கவும் இடமுண்டு: வெளியிலிருந்து வந்த சொல்லைத் தமிழ்க் காது ‘துற’ என்பதோடு சேர்த்துக் கேட்டு உருவை மாற்றியிருக்கலாம்.

சொர்க்கம் என்ற இன்றைய உருவத்தில் இந்தச் சிக்கல் எதுவுமில்லை. ஸ்வப்னம் சொப்பனம் ஆனது, ஸ்வரூபம் சொரூபம் ஆனது, ஸ்வர்க்கம் சொர்க்கம் ஆனது. புலவர்கள் சுவர்க்கம் என்று எழுதினாலும் மக்கள் நாக்கு சொர்க்கம் என்று ஒழுங்காகவே மாற்றியிருக்கிறது. கொச்சை என்று இதைத் தள்ளுவதற்கு ஒலியியலில் முகாந்திரம் இல்லை.

அரங்கத்தின் மறுப்பு

சொர்க்கவாசல் பிழை என்கிறவர்களின் வாதத்தை அதன் முழு வலிமையோடு பார்க்க வேண்டும். பகவத்கீதையின் ஒன்பதாம் அத்தியாயம், விரிந்த ஸ்வர்க்கலோகத்தை அனுபவித்தவர்கள் புண்ணியம் கரைந்ததும் மண்ணுலகுக்கே வருகிறார்கள் என்கிறது. நம்மாழ்வார் திருவாய்மொழி நாலாம் பத்தின் முதல் திருமொழியில், ஐம்புலனை வென்று உடலை ஒறுத்தவர்கள்கூட, இறைவனைப் பற்றாவிட்டால், இனிய சுவர்க்கத்தை அடைந்தும் மீள்வார்கள் என்கிறார். சுவர்க்கம் என்ற சொல்லையே அவர் கையாள்வதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சொல்லும் மீட்சியும் ஒரே அடியில் நிற்கின்றன. பொருளில் மயக்கத்துக்கு இடமில்லை.

திருவரங்கத்துக்கே உரியவரான தொண்டரடிப்பொடியாழ்வார் இன்னும் ஒருபடி மேலே போகிறார். அரங்கன் பெயரைச் சொல்லும் சுவையைவிட்டு இந்திரலோகத்தை ஆளும் சுவை கிடைத்தாலும் வேண்டாம் என்று திருமாலையில் அவர் சொன்னது ஊரறிந்தது. அங்கே இந்திரலோகம் என்பதற்கு நேர்ப்பொருள் சொர்க்கம்; அதைப் பரமபதமாகவே எடுத்துக்கொள்ளும் விளக்கமும் வைணவ மரபில் உண்டு. அப்படிக் கொண்டால் சொர்க்கமும் பரமபதமும் சேர்ந்தே தள்ளுபடியாகின்றன. பராசர பட்டரைப் பற்றிக் குருபரம்பரைக் கதைகள் சொல்வதும் இதே போக்கில்தான்: பரமபதநாதன் முகம் திருவரங்கத்து உற்சவரான நம்பெருமாள் முகம்போல் குளிர்ந்திராவிட்டால் அங்கிருந்து குதித்துத் திரும்பிவிடுவேன் என்றாராம். திருவரங்கத்தைப் பூலோக வைகுண்டம் என்பது இவர்களுக்கு விருதுப் பெயராக இல்லை, நேர்ப் பொருளாகவே இருந்தது. மேலே ஓர் உலகம், கீழே அதன் சாயல் என்ற வரிசையையே அவர்கள் கலைத்துவிட்டார்கள்.

கோயில் சடங்கும் மறுப்பாளர் பக்கமே பேசுகிறது. வைகுண்ட ஏகாதசியன்று ரத்தினாங்கியோடு புறப்படும் நம்பெருமாள் வடக்கு வாசலுக்குச் சற்று முன்னால் விரஜா நதி மண்டபத்தில் நிற்கிறார். வேத பாராயணம் நடக்கிறது. அதன் பிறகுதான் கதவு திறக்கும். விரஜை என்பது இந்தப் பிரகிருதி மண்டலத்துக்கும் பரமபதத்துக்கும் நடுவில் ஓடுவதாக வைணவர் சொல்லும் ஆறு. வாசலைக் கடந்து மணல்வெளி வழியாகப் போய்ச் சேருவது ஆயிரங்கால் மண்டபம். அந்த நாட்களில் அதற்குத் திருமாமணி மண்டபம் என்று பெயர். நம்மாழ்வார் பத்தாம் பத்தில், உயிர் வைகுந்தம் போகும் வழியைப் பாடும் திருமொழியின் முடிவில் வரும் மண்டபம் அதுவே. இராப்பத்து எனப்படும் பத்து இரவுகளிலும் திருவாய்மொழி ஓதி, கடைசி நாளில் நம்மாழ்வார் மோட்சம் நடத்துவதோடு விழா முடிகிறது. இந்த ஏற்பாட்டைத் திருமங்கையாழ்வார் தொடங்கினார், நாதமுனிகள் விரித்தார் என்பது கோயில் மரபு. பிள்ளை லோகாசாரியர் இதே வழியை விளக்க ‘அர்ச்சிராதி’ என்று தனி நூலே செய்தார். இவ்வளவிலும் இந்திரனுக்கு வழியனுப்பும் வேலைகூடக் கிடையாது. ஏழு திருச்சுற்றுகளை ஏழு உலகங்களாக எண்ணும் வழக்கத்திலும் சுவர்லோகம் வெளியிலிருந்து மூன்றாவதாகத்தான் வருகிறது. கருவறைக்கு இன்னும் மதில்கள் பாக்கி இருக்கின்றன.

மறுப்புக்கு எதிராக

இத்தனைக்குப் பிறகும் சொல்லைப் பிழை என்று முடிப்பதற்குத் தடை இருக்கிறது. அந்தத் தடை வேதாந்தத்துக்குள்ளேயே கிடைக்கிறது. கேனோபநிஷத்து, பிரம்மத்தை அறிந்தவன் முடிவில்லாத ஸ்வர்க்கலோகத்தில் நிலைபெறுகிறான் என்று முடிகிறது. முடிவில்லாத என்ற அடைமொழி இருப்பதால் அது தேவருலகம் அன்று என்று சங்கரர் உரையில் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. கடோபநிஷத்தில் நசிகேதன் இரண்டாவது வரத்தில், பயமும் மூப்பும் இல்லாத ஸ்வர்க்கத்தைப் பற்றிக் கேட்கிறான். அந்த இடத்தில் ஸ்வர்க்கம் என்ற சொல் மோட்சத்தையே குறிக்கும் என்று விரிவாக வாதிடுகிறவர் வேறு யாருமில்லை, ராமானுஜ சம்பிரதாயத்து உபநிஷத்து உரைகாரரான ரங்கராமானுஜ முனி. இன்று சொர்க்கவாசல் என்பதைத் திருத்துகிற அதே மரபு, கடோபநிஷத்தில் சொர்க்கம் என்பதை மோட்சமாகப் படிக்கிறது.

இதற்கு ஒரு மறுமொழி சொல்லலாம், சொல்கிறார்கள்: அது இடம் நோக்கிய சிறப்புப் பொருள், தனியே சொன்னால் ஸ்வர்க்கம் இந்திரலோகமே. நியாயமான மறுமொழிதான். ஆனால் இதையே வடக்கு வாசலுக்கும் பொருத்தலாமே. விரஜா நதி மண்டபத்தைத் தாண்டி, திருவாய்மொழி முழங்க, நம்பெருமாள் பின்னால் ஒருவர் நுழையும் வாசலைச் சொர்க்கவாசல் என்று அழைக்கும்போது சொல் தனியே நிற்கவில்லை. சூழல் முழுவதும் அதைச் சுற்றி நின்று இது எந்தச் சொர்க்கம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. நூலுக்குள் சூழல் பொருளைத் தீர்மானிக்கும், கோயிலுக்குள் தீர்மானிக்காது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். அப்படிக் காரணம் காட்டியவர்களைக் காணோம்.

மக்கள் கடோபநிஷத்தைப் படித்துவிட்டா அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. படித்துச் சொல்லவில்லைதான். அவர்கள் சபரர் எடுத்துக்காட்டிய அதே உலக வழக்கில் நின்று, துன்பம் தொடாத இன்பம் என்ற பொருளில் சொல்கிறார்கள். அந்தப் பொருளில் பரமபதம் சொர்க்கம் ஆகாது என்று எந்த ஆசாரியரும் சொல்லமாட்டார். அதோடு, பரமபதம் என்ற எதிர்ச்சொல்லின் பிறப்பையும் பார்த்தால் இரண்டுக்கும் அவ்வளவு தூரம் இல்லை. விஷ்ணுவின் பரமமான பதத்தை ஞானிகள் எப்போதும் காண்கிறார்கள், அது வானில் விரிந்த கண்போன்றது என்பது ரிக் வேத மந்திரம். பதம் என்றால் அடி என்றும் கொள்ளலாம், இடம் என்றும் கொள்ளலாம். அங்கே அது மூவுலகையும் அளந்தவனின் மூன்றாம் அடி எட்டிய உச்சி வானம் என்று கொள்கிறவர்கள் உண்டு. இரண்டு சொற்களும் வெளிச்சமான ஒரே வானத்திலிருந்து புறப்பட்டு, வேறு வேறு வழியில் போய், மார்கழியில் ஒரே கதவில் சந்திக்கின்றன.

ஒரே ஊரில் பல வானங்கள்

திருச்சியின் பிற சமயத்தாரும் இதே சொற்களஞ்சியத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் வைணவ வரிசையை ஏற்காமல். கத்தோலிக்கத் தமிழில் 17ஆம் நூற்றாண்டு முதல் சேசு சபைத் துறவிகள் வடசொற்களைத் தாராளமாகப் புழங்கினார்கள்; அவ்வழக்கில் வானுலகுக்கு மோட்சம் என்றே பெயர் நிலைத்தது. பிறவியறுதல் என்ற பழைய பொருள் அங்கே தேவைப்படவே இல்லை. கிறித்தவ மன்றாட்டில் பரமண்டலம் என்று இருந்தது பிற்காலக் கத்தோலிக்க வழக்கில் விண்ணுலகு ஆயிற்று. புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் பரலோகம் நிலைத்திருக்கிறது. நத்தர்வலி தர்கா இருக்கும் இந்த நகரத்துத் தமிழ் முஸ்லிம்களுக்குச் சொர்க்கமும் சுவனமும் ஜன்னத்தின் பெயர்கள். போனவர் திரும்பாத நிலையான இடம் அது. மீளும் உலகத்துக்கு உரிய சொல் மீளா உலகத்துக்குப் பெயராகி எந்தத் தடையுமின்றிப் புழங்குகிறது. ஆகச் சொர்க்கம் என்றாலே தமிழில் தற்காலிகம் என்ற பொருள் ஒட்டியிருக்கிறது என்ற வாதம் திருச்சித் தெருக்களில்கூட நிற்காது. சைவர் வீட்டுச் சாவு அறிவிப்பில் சிவலோக பதவி. வைணவர் வீட்டில் ஆசார்யன் திருவடி, வைகுண்ட பிராப்தி, பெரியவர்கள் என்றால் திருநாட்டுக்கு எழுந்தருளினார். எங்கும் துல்லியம் வேண்டியபோது சமயங்கள் தனிச் சொல் வைத்துக்கொண்டு, பொதுவில் பேசும்போது சொர்க்கத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன.

பிரிவு மக்களுக்குத் தெரியவே தெரியாது என்ற எண்ணத்துக்கும் ஒரு தடை உண்டு. ஏகாதசி இரவில் கண்விழிக்க விளையாடும் பரமபதப் படம் அது. தாயக்கட்டை உருட்டி ஏணியில் ஏறி, தேவலோகக் கட்டங்கள் வரை வந்த பிறகும் பாம்பு காத்திருக்கும். கடித்தால் சரசரவென்று அடிவரிசைக்கு வரவேண்டும். உச்சியில் இருக்கும் பரமபதக் கட்டத்தை எட்டினால்தான் ஆட்டம் முடியும். சொர்க்கத்தில் இருந்தும் விழலாம், பரமபதத்தில் இருந்து விழமுடியாது என்ற கீதைக் கருத்தை எழுத்தறியாத பாட்டிகள் வரை கொண்டுசேர்த்தது இந்தக் காகிதப் படம். சொர்க்கவாசல் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டில் பரமபதம் ஆடுகிறவருக்குக் குழப்பம் இருப்பதாகத் தெரியவில்லை. வேறுபாட்டைப் படமும் சடங்கும் காப்பாற்றுவதால், பெயர் தளர்வாக இருப்பதில் அவருக்கு நட்டமில்லை.

முடியாமல் நிற்பவை

இதுவரை பார்த்ததை வைத்து, சொர்க்கவாசல் என்ற பெயரைச் சித்தாந்தத்துக்குப் பொருந்தாத சொல் என்று கூறலாம், தவறான தமிழ் என்று கூற முடியாது என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு. அழைப்பிதழில் பரமபதவாசல் என்று அச்சிடுவதற்குக் கோயிலுக்கு முழு நியாயம் உண்டு. விழாவின் அமைப்பே அந்தப் பெயரைக் கேட்கிறது. பேச்சு வழக்கைத் திருத்தும் நியாயம் அதிலிருந்து தானாகப் பிறந்துவிடாது.

திறந்தே இருக்கும் கேள்விகளில் முதலாவது காலம் பற்றியது. அந்த வாசலுக்குப் பொதுமக்கள் சொர்க்கவாசல் என்று எப்போது பெயரிட்டார்கள், அப்பெயர் திருவரங்கத்தில் பிறந்து மற்றத் திருமால் கோயில்களுக்குப் பரவியதா, வேறெங்கோ தொடங்கி இங்கே வந்ததா என்பதைத் தீர்க்க, கோயிலொழுகு போன்ற கோயில் வரலாறுகளையும் கல்வெட்டுகளையும் பழைய அச்சு அறிவிப்புகளையும் இந்த ஒரு சொல்லுக்காகவே தேடிப் படிக்க வேண்டும். பேச்சில் பிறந்த பெயர்கள் கல்லில் பொறிக்கப்படுவது அரிது என்பதால் கிடைக்கும் விடையும் ‘இந்தக் காலத்துக்கு முன்பே’ என்ற அளவில்தான் இருக்கும். இரண்டாவது, துறக்கம். பழந்தமிழில் வந்த பிராகிருதச் சொற்கள் முழுவதையும் ஒலிமாற்ற வரிசையில் நிறுத்திப் பார்த்தால் ‘ர்க’ என்பது ‘றக்க’ ஆன வேறு சான்று கிடைக்கிறதா என்று தெரியும். கிடைத்தால் இரண்டாம் கட்சி வெல்லும், கிடைக்காவிட்டால் ‘துற’ மறுபடி எழும். மூன்றாவது, கோப்பெருஞ்சோழன் சொன்ன பிறவாமை. அது சமணரும் வைதிகரும் பேசிய வீடுபேறா, அல்லது இறந்தபின் எதுவுமே இல்லை என்ற எளிய ஐயமா என்பதில் பாட்டு இரண்டு வாசிப்புக்கும் இடம் கொடுக்கிறது. வடக்கிருத்தலைச் சமணரின் உண்ணாநோன்போடு ஒப்பிடுகிறவர்கள் முதல் வாசிப்பை விரும்புவார்கள். இமயம்போல் புகழ் நடுவதைக் கடைசிப் புகலிடமாக அவன் வைத்ததைக் கவனிப்பவர்களுக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படும்.